முப்பது வருட வில்லங்கம்

வங்கிக்கு முப்பது வருடம் போதும்.
முப்பது வருடத்துக்கு இந்த மனை சுத்தம்.
ஓசூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையை ஒட்டிய என் மேசையில்
பிரிண்டரிலிருந்து வந்த தாள்
இன்னும் சூடாக இருக்கிறது.

எதிரே பிபின் சாஹு. சொந்த ஊர் பலாங்கீர்.
பாகலூர் சாலை வார்ப்பாலையில்
பதினோரு வருடம் இரும்பு ஊற்றி,
ஊற்றுகிறவர்களை இப்போது மேய்க்கிறார்.
அறுநூறு சதுர அடி வாங்குகிறார்.
“பிரச்சினை ஒண்ணும் இல்லையே, சார்?”

இல்லை என்றேன்.

எழுபத்தைந்துக்கு முந்தியது கணினிக்குத் தெரியாது.
அலமாரியில் கையால் தேட வேண்டும்.
அதற்குக் கட்டணம் கட்டுகிறவர் யாருமில்லை.
சர்வர் படுத்துக்கொண்ட ஒரு மழை நாளில்
பொழுது போகாமல் நான் கட்டினேன்.

மேலே ‘தருமபுரி மாவட்டம்’ என்று இருந்த தாள்கள்.
அதற்கும் கீழே ‘சேலம் ஜில்லா’.
மாவட்டம் மாறி மாறி வந்து ஒட்டிக்கொண்ட ஊர் இது.
நிலம் இருந்த இடத்தில்தான் இருந்தது.

1921.
ஒரு ஏக்கர் நாற்பது சென்ட், புஞ்சை.
சர்க்கார் ஒப்படை. பெற்றவன்: ஓபிகாடு.
பத்து வருடம் விற்கக் கூடாது.
பிறகு விற்றாலும் தன் சாதியாருக்கே விற்க வேண்டும்.

இங்கே தெலுங்கு தெரியாதவர் குறைவு:
மேல் தெருவில் பெயருக்குப் பின்னால் ‘காரு’.
ஏரிக்குக் கீழே ‘காடு’.
ஓர் எழுத்துதான் வித்தியாசம்.
அந்த எழுத்துக்குள் ஒரு கிணறு இருந்தது, ஒரு கோயில் வாசல் இருந்தது.

1929.
மூன்று மூட்டை ராகிக் கடனுக்கு
மேற்படி புஞ்சை செஞ்சுராம காருக்குக் கிரயம்.
பத்து வருடம் ஆக இன்னும் இரண்டு இருந்தது.
இடது பெருவிரல் ரேகை.
இருபத்தொன்றில் வைத்த விரலும் இதுவும்
ஒன்றல்ல என்று தோன்றுகிறது.
நான் ரேகை படிக்கத் தெரிந்தவன் இல்லை.

கடைசி வரி, ‘இப்பத்திரம் எழுதியது’.
அதற்கு நேரே என் பாட்டனாரின் பெயர்.
கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம்.
பக்கத்துக் காடுகளை சிப்காட் எடுத்தது.
பட்டா இருந்தவருக்குப் பணம், வீட்டுக்கு ஒரு வேலை.
பட்டா இல்லாதவர் கேன்டீனில் தட்டு கழுவினார்.
எடுபடாமல் தப்பிய இந்த ஒன்று நாற்பதுக்கு
மண் விலை போய் மனை விலை வந்தது.
நடுவில் சில காலம் ரோஜாக் குடில்,
பிப்ரவரி மாதத்தில் பெங்களூர் விமானத்துக்குப் பூ.
ஐந்து வருடத்துக்கொரு முறை
செஞ்சுராம காரு வீட்டு வாசலில் கொடி மாறும்.
கம்பம் சிமென்ட் போட்டு நட்டது.
இப்போது வளைவு: ‘செஞ்சுராமா என்க்ளேவ்’.
குறுக்குத் தெரு ஒன்று முதல் ஒன்பது வரை.

ஒன்பது தெருவையும் விடியுமுன் கூட்டுகிறவள் மாரக்கா,
மாநகராட்சி ஒப்பந்தக் கூலி.
மகனின் சாதிச் சான்றுக்கு
மனு எழுத என்னிடம் வந்தாள்.
“உங்க தாத்தா பேரு?”
“ஓபுலேசு. பள்ளிக்கூடத்தில அப்படி மாத்திக்கிட்டாரு.
அவங்கப்பா பேரைச் சொன்னா சிரிப்பாங்க.”
நான் சிரிக்கவில்லை.
பேனாவை மூடித் திறந்தேன்.

“எங்களுக்கும் மேட்டுப் பக்கம் நிலம் இருந்ததா
எங்கப்பா குடிச்சா சொல்லும்.
தேடிப் பார்க்க எவ்வளவு ஆகும்?”
ஆகும் தொகையைச் சொன்னேன்.
நகல் என் இழுப்பறையில் இருந்தது,
அவள் முழங்கைக்கு நேர் கீழே.
“அடுத்த சம்பளத்துக்கு வர்றேன், சார்.”

அது ஆடியில். இது ஐப்பசி.

சாஹு கைபேசியில் மனைவிக்கு
அவர்கள் மொழியில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்.
வீடு என்ற சொல்லாக இருக்கலாம்.
நான் எழுதுகிறேன்:
‘மேற்படி சொத்தில்
முன் வில்லங்கம், வாரிசு பாத்தியம்
யாதொன்றும் இல்லையென
விற்பவர் இதன் மூலம் உறுதி கூறுகிறார்.’
என் கையெழுத்தும்
நன்றாக இருக்கும் என்பார்கள்.
இப்போதெல்லாம் டைப்தான்.